46,000 ரூபாய் எஸ்டிமேட்டும் ஒரு ரப்பர் வளையமும்

போன ஆடி மாசம் நடந்தது. வாழைத் தோட்டத்துல ரோட்டவேட்டர் ஓட்டிக்கிட்டு இருந்தோம். பழைய வாழை நாரும் காஞ்ச சருகும் பிளேடுல சுத்திக்கும். சுத்திக்கிட்டா வண்டியை நிறுத்தி, லிப்டைத் தூக்கி வெச்சு, அருவாளால அறுத்து எடுக்கணும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இந்த வேலை இருக்கும். அன்னைக்கு நான் இஞ்சினை நிறுத்திட்டு கிணத்து மேட்டுக்குத் தண்ணி குடிக்கப் போனேன். கூட வேலை பாக்குற தம்பி குனிஞ்சு உக்காந்து நாரை அறுத்துக்கிட்டு இருந்தான். சொம்பை வாயில வெக்கிறதுக்குள்ள "அண்ணா"ன்னு ஒரு கத்து. ஓடிப் போய்ப் பாத்தா ரோட்டவேட்டர் அவன் செருப்பு மேல உக்காந்திருக்கு. காலை எப்படியோ உருவிட்டான். செருப்பு மட்டும் பிளேடுக்கும் மண்ணுக்கும் நடுவுல.

அந்த ரோட்டவேட்டர் மூணடிதான், ஆனா நூத்தம்பது கிலோ இருக்கும். தடால்னு விழுந்திருந்தா சத்தம் கேட்டிருக்கும், அவனும் சுதாரிச்சிருப்பான். மாடு படுக்குற மாதிரி மெதுவா இறங்கியிருக்குங்க.

உண்மையைச் சொல்லிடறேன். என் வண்டியில லிப்ட் தானா இறங்குதுன்னு எனக்கு ஒரு வருஷமாவே தெரியும். ராத்திரி சாலைக்குள்ள தூக்கி வெச்சு நிறுத்துவேன், காலையில தரையில படுத்திருக்கும். யாராவது கேட்டா, "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லிச் சிரிச்சுக்குவேன். ஒரு மரக்கட்டையை எடுத்து அடியில முட்டுக் குடுக்கணும்னு அந்தத் தம்பிகிட்ட ஒரு நாள் கூடச் சொன்னதில்லை. தப்பு வண்டியோடது பாதி, என்னோடது பாதி.

நகரத்துல இருக்கிறவங்களுக்கு இது என்ன விஷயம்னு முதல்ல சொல்லணும். என்கிட்ட இருக்கிறது 18 குதிரைத் திறன் சின்ன டிராக்டர். கோபி பக்கம் வாழை, மஞ்சள், தென்னைக்குள்ள புகுந்து ஓட்ட இந்த மாதிரி குட்டி வண்டிதான் தோது. பெரிய வண்டி உள்ள போனா மரத்துல முட்டும், மண்ணை அமுக்கிப் போட்டுடும். நான் 2013ல பழசாத்தான் வாங்கினேன். அதுக்கு முன்னாடியே ஒருத்தர் ஆறேழு வருஷம் ஓட்டியிருக்கார்.

டிராக்டர்னா இழுக்குற வண்டின்னு நினைப்பீங்க. பாதி வேலை தூக்குறதுதான். கலப்பையோ ரோட்டவேட்டரோ பின்னாடி மூணு இடத்துல மாட்டியிருக்கும். கீழே ரெண்டு கை, மேலே ஒண்ணு. வரப்புக்கு வந்ததும் லீவரை இழுத்தா கருவி மேலே தூக்கிக்கும், திருப்பி இறக்கினா மண்ணுக்குள்ள போகும். இந்த மூணு புள்ளி அமைப்பையும் ஹைட்ராலிக்கையும் ஒண்ணாச் சேர்த்தவர் ஹாரி பெர்குசன்ங்கிற அயர்லாந்துக்காரர். 1939ல ஃபோர்டு கம்பெனியோட சேர்ந்து அவர் கொண்டுவந்த 9என் டிராக்டர்ல அது பெரிய அளவுல விவசாயிங்க கைக்குப் போச்சு. இன்னைக்கு எங்க ஊர் வயல்ல ஓடுற வண்டியிலயும் அடிப்படை அதேதான். எங்க அப்பா காலத்துல வரப்புத் திருப்பத்துல ஏரைக் கையால தூக்கி வெச்சதை நினைச்சா, அந்த மனுசனுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இதை எண்ணெய் எப்படித் தூக்குது? பள்ளிக்கூடத்துல பாஸ்கல் விதின்னு மனப்பாடம் பண்ணினேன், பரிட்சை முடிஞ்சதும் மறந்துட்டேன். ஐம்பது வயசுல வண்டிக்கு அடியில படுத்துத்தான் புரிஞ்சது. பம்ப் எண்ணெயை அழுத்தத்தோட தள்ளுது. அந்த எண்ணெய் ஒரு சிலிண்டருக்குள்ள போய் பிஸ்டனைத் தள்ளுது. பிஸ்டன் 6 சென்டிமீட்டர் விட்டம்னு வெச்சுக்குங்க, பரப்பு 28 சதுர சென்டிமீட்டர் வரும். சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தம்னா பிஸ்டன் மேல 2,800 கிலோ. கையோட நீளத்துக்கு ஏத்த மாதிரி அது குறைஞ்சு, கருவி மாட்டுற இடத்துல சில நூறு கிலோ தூக்கும். இவ்வளவு பலத்தையும் தாங்கிப் பிடிக்கிறது பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ஒரு ரப்பர் வளையம். ஓ-ரிங்னு சொல்லுவோம். பாக்கிறதுக்குக் குழந்தைங்க கையில போடுற வளையல் மாதிரி இருக்கும்.

செருப்பு மாட்டின மறுநாள் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு போனேன். கம்பெனி சர்வீஸ் சென்டர்தான், எதுன்னு சொல்ல வேண்டாம். வெள்ளைச் சட்டை போட்ட சின்னப் பையன் வந்தான். லிப்டைத் தூக்கினான், இறக்கினான், லிப்ட் கை பக்கத்துல எண்ணெய் வடிஞ்சிருக்கிறதைப் பாத்தான். "ஹைட்ராலிக் போச்சுங்க. அசெம்பிளியா மாத்தணும்"னான். கம்ப்யூட்டர்ல தட்டி ஒரு சீட்டு குடுத்தான். கூலியோட சேத்து 46,000 ரூபாய். எந்த இடத்துல கசியுதுன்னு கேட்டேன். "அதெல்லாம் பிரிச்சாத்தான் தெரியும், பிரிச்சா மாத்திடறதுதான் நல்லது"ன்னான். "இல்லைன்னா வண்டியைக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்குங்க, எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு"ன்னும் ஒரு வார்த்தை.

பாப்பாவுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய மாசம் அது. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வாய்க்கால்ல தண்ணி விடுவாங்க, அதுக்குள்ள சேத்துழவுக்கு வண்டி தயாரா இருக்கணும். வாடகை வண்டின்னா அந்த நேரத்துல வரிசையில நிக்கணும். சீட்டை மடிச்சுப் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

அந்தப் பையனை நான் குறை சொல்லலைங்க. அவனுக்குக் கத்துக் குடுத்தது அவ்வளவுதான். உள்ள ஒரு வளையத்தை மாத்தி அனுப்பி, பத்து நாள்ல திரும்பக் கசிஞ்சா அவன் தலையிலதான் விழும். முழுசா மாத்திட்டா யாரும் கேள்வி கேக்க முடியாது. ஆனா எந்த இடத்துல கசியுதுன்னு பாக்காமலே 46,000 ரூபாய்னு எழுதுறது எந்த ஊர் நியாயம்? காய்ச்சல்னு போனவனுக்கு ரத்தம் கூட எடுத்துப் பாக்காம ஆப்பரேஷன்னு எழுதுற மாதிரி இருக்கு.

எங்க ஊருக்கு மூணு மைல் தள்ளி ஒரு பெரியவர் இருக்கார். எழுபதைத் தாண்டிட்டார், பட்டறையை மூடி ரொம்ப நாளாச்சு. வீட்டுத் திண்ணையில போய் உக்காந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் முதல்ல கேட்டது, "தம்பி, தூக்குறது சரியாத் தூக்குதா?" நல்லாத் தூக்குதுங்கன்னேன். "அப்ப பம்பைத் தொடாதீங்க. தூக்குறவன் வேற, தாங்குறவன் வேற." இந்த ஒரு வார்த்தையில எனக்குப் பாதி வழக்கு முடிஞ்சு போச்சு. தூக்கலைன்னா பம்ப், சல்லடை, ரிலீஃப் வால்வு பக்கம் பாக்கணும். தூக்கிட்டு நிக்கலைன்னா வால்வு, சிலிண்டர் பக்கம் பாக்கணும். 46,000-ல பம்பும் ஒரு பங்கு. என் வண்டியில அதுக்கு ஒரு கேடும் இல்லை.

அடுத்து, சீட்டுக்கு அடியில ஒரு திருகு இருக்குமேன்னு கேட்டார். இருக்கு. கருவி இறங்குற வேகத்தைக் கூட்டக் குறைக்கிற திருகு அது. பத்து வருஷமா அதை நான் தொட்டதே இல்லை, மண்ணு மூடிக் கிடந்தது. அது எங்கே இருக்குன்னு சொன்னார் பாருங்க, கன்ட்ரோல் வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல. கருவியைத் தூக்கி வெச்சு, இஞ்சினை நிறுத்தி, அந்தத் திருகை முழுசா மூடிட்டா, சிலிண்டர்ல இருக்கிற எண்ணெய்க்கு வால்வு பக்கம் போற வழி அடைஞ்சு போகும். அதுக்கு அப்புறமும் கருவி இறங்கினா கசிவு சிலிண்டர் பக்கம். இறங்காம நின்னுடுச்சுன்னா கசிவு வால்வு பக்கம். திருகே சரியா உக்காராம இருந்தா ஏமாத்தும், அதனால ரெண்டு தடவை பாருங்கன்னும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து டேப்பும் கடிகாரமும் எடுத்துக்கிட்டேன். கருவிக்கு அடியில யாரும் இல்லை, இந்தத் தடவை கட்டையும் வெச்சேன், கொஞ்சம் இடைவெளி விட்டு. திருகு திறந்திருக்கும்போது பத்து நிமிஷத்துல ஆறு அங்குலம் இறங்குச்சு. மூடிட்டுப் பாத்தேன். பத்து நிமிஷம், ஆறு அங்குலம். மறுபடியும் பாத்தேன், அதேதான். கசிவு சிலிண்டர் பக்கம். அரை மணி நேர வேலை, ஒரு பைசா செலவில்லை. சர்வீஸ் சென்டர் வாசல்ல வண்டி நின்ன மூணு மணி நேரத்துல இதை ஏன் யாரும் பண்ணலைன்னு இன்னமும் எனக்கு விளங்கலை.

லிப்ட் கை ஓரத்துல வடிஞ்ச எண்ணெயைச் சொன்னேன் இல்லையா, அதைக் காட்டித்தான் அந்தப் பையன் "போச்சு"ன்னான். அது கை சுத்துற தண்டோட ஆயில் சீல்ல இருந்து வர்றது. அந்த இடத்துல அழுத்தமே கிடையாது, உள்ள தெறிக்கிற எண்ணெய் சும்மா வழியுது. அசிங்கமா இருக்கும், தூசி ஒட்டும், எண்ணெய் அளவு கொஞ்சம் குறையும். லிப்ட் இறங்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. கண்ணுக்குத் தெரியற கசிவைப் பாத்து எல்லாரும் பயப்படறாங்க. என் தம்பி காலைப் பதம் பாக்க வந்த கசிவு ஒரு சொட்டுக் கூட வெளியே வரலை. சிலிண்டர்ல இருந்து கசிஞ்ச எண்ணெய் திரும்பவும் அதே தொட்டிக்குள்ளதான் விழுது. அளவுக்குச்சியை எடுத்துப் பாத்தா எண்ணெய் சரியா இருக்கும். இதை ரொம்பப் பேர் யோசிக்கிறதில்லை.

வெளியே வர்ற கசிவு எங்கே இருந்துன்னு பாக்கவும் ஒரு வழி இருக்கு. டீசல் ஊத்தித் துடைச்சு, காயவிட்டு, முகத்துக்குப் போடுற பவுடரைத் தூவணும். கொஞ்ச நேரம் ஓட்டிட்டுப் பாத்தா எந்த இடத்துல முதல்ல ஈரம் ஊறுதுன்னு தெரிஞ்சிடும். வீட்டுக்காரி பவுடர் டப்பாவைக் காணோம்னு தேடினது தனிக் கதை. குழாய் போல்ட்டுக்கு அடியில இருக்கிற செம்பு வாஷர்ல கசிஞ்சா, புதுசு கிடைக்கலைன்னாலும் பரவாயில்லை. பழசைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணியில போட்டா மெதுவாயிடும், திரும்ப உக்காந்துக்கும். ஒண்ணு மட்டும் கவனம். இஞ்சின் ஓடும்போது ஊசித் துவாரக் கசிவைக் கையால தடவிப் பாக்காதீங்க. அந்த அழுத்தத்துல எண்ணெய் தோலைக் குத்திக்கிட்டு உள்ள போயிடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், உள்ள சதை அழுகும், உடனே ஆப்பரேஷன் பண்ணலைன்னா விரலே போயிடும். அட்டைத் துண்டைப் பிடிச்சுப் பாருங்க.

சரி, வேலைக்கு வர்றேன். பெரியவரால குனிய முடியாது. நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டார், நானும் தம்பியும் கழட்டினோம். சீட்டை எடுத்து, அதுக்குக் கீழ இருக்கிற லிப்ட் மூடியைச் செயின் பிளாக் போட்டுத் தூக்கி வெளியே வெச்சோம். சிலிண்டரைப் பிரிச்சுப் பிஸ்டனை எடுத்தா, ஓ-ரிங் ஒரு பக்கம் தட்டையாகி, கடிச்சுத் துப்பின மாதிரி இருக்கு. சிலிண்டர் சுவத்துல நகத்தை வெச்சு இழுத்துப் பாக்கச் சொன்னார். நகம் எங்கேயும் மாட்டலை. மாட்டியிருந்தா எத்தனை புது வளையம் போட்டாலும் நிக்காது, லேத் பட்டறைக்குப் போகணும். நல்ல வேளை.

இங்கேதான் நான் சறுக்கினேன். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, டவுன்ல ஸ்பேர் பார்ட்ஸ் கடை இல்லை. பழைய வளையத்தைக் கையில எடுத்துக்கிட்டு, எங்க ஊர்ல தண்ணிக் குழாய் சாமான் விக்கிற கடைக்குப் போனேன். அதே அளவுல ஒண்ணு கிடைச்சது, இருபது ரூபாய். பெரியவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். அவர் வர்றதுக்குள்ள போட்டு மூடிட்டேன், பெருமைக்கு. சாயந்தரம் லிப்ட் அப்படியே நின்னுச்சு. காப்பி போட்டுக் குடுத்து அவரை அனுப்பி வெச்சோம். மூணாம் நாள் திரும்ப இறங்க ஆரம்பிச்சது, முன்னைவிட வேகமா.

திரும்பப் பிரிச்சப்போ அந்த வளையம் ஊறி வீங்கி, ஓரமெல்லாம் கத்தியால சீவின மாதிரி இருந்தது. தண்ணிக்குன்னு செய்யற ரப்பர்ல சில ரகம் எண்ணெய்க்கு ஆகாது. பெரியவர் என்னைத் திட்டலை, அதுதான் வலிச்சது. "எண்ணெய்க்கு நைட்ரைல்னு கேட்டு வாங்கணும் தம்பி"ன்னார். பழைய வளையத்தை அளந்ததும் தப்பு. நசுங்கின வளையம் அளவு காட்டாது, பிஸ்டன்ல அது உக்கார்ற பள்ளத்தைத்தான் அளக்கணும். மூணாவது தப்பு இன்னும் மோசம். ஓ-ரிங்கோட கூடவே வெள்ளையா ஒரு டெஃப்லான் வளையம் இருக்கும். ஓ-ரிங் சந்துக்குள்ள பிதுங்காம முட்டுக் குடுக்கிறது அது. எண்ணெய் தள்ளுற பக்கம் ஓ-ரிங், அதுக்குப் பின்னாடி வெள்ளை வளையம்னு இருக்கணும். நான் மாத்திப் போட்டிருந்தேன். முதுகுக்குப் பின்னாடி வெக்க வேண்டிய சாய்மானத்தை மடியில வெச்ச கதை.

மறுநாள் டவுனுக்குப் போய் சரியான செட்டு வாங்கினேன், 380 ரூபாய். எண்ணெயையும் மாத்திட்டேன், அதுக்குத்தான் நாலாயிரத்துக்குப் பக்கம் ஆச்சு. பெரியவர் காசு வேண்டாம்னார், 1,500 ரூபாயைத் தட்டுல வெற்றிலை பாக்கோட வெச்சுக் குடுத்துட்டு வந்தோம். எல்லாம் சேத்து ஆறாயிரம் தொடலை. தண்ணி விட்ட அன்னைக்கு வண்டி சேத்துக்குள்ள நின்னுச்சு.

எண்ணெயை ஏன் மாத்தினேன்னா, வடிச்சப்போ மோர் மாதிரி இருந்தது. வெள்ளையா இருந்தா தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். நுரையா இருந்தா காத்து இழுக்குதுன்னு அர்த்தம், பம்புக்குப் போற குழாய் கிளிப்போ அங்கே இருக்கிற ரிங்கோ தளர்ந்திருக்கும். அந்த இடத்துல எண்ணெய் வெளியே வராம காத்து உள்ளே போகலாம், அதனால கசிவே தெரியாம பம்ப் மட்டும் ஊளையிடும். என் வண்டியில தண்ணி எப்படிப் போச்சுன்னு தேடினா, கியர் லீவரைச் சுத்தியிருக்கிற ரப்பர் உறை கிழிஞ்சிருக்கு. மோட்டார் தண்ணியை வெச்சு மேலே இருந்து பீச்சிக் கழுவினது நான்தான். சல்லடையைக் கழட்டினா பஞ்சு, இரும்புத் தூள், ஏதோ ஒரு பழைய கேஸ்கட் துண்டு. பத்து வருஷத்துல ஒரு தடவை கூட அதைத் திறக்கலை. கம்பெனியைக் குறை சொல்ற வாயால இதையும் சொல்லணும் இல்லைங்களா?

எங்காளுங்க பண்ற இன்னொரு காரியமும் இருக்கு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் லிப்ட் மேல ஒரு தட்டு மாட்டித் தேங்காய் மூட்டை ஏத்துவார். ஒரு நாள் தூக்கலை. ரோட்டோர மெக்கானிக் ஒருத்தர் ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில ரெண்டு வாஷரைப் போட்டு இறுக்கிட்டார். அந்த வால்வு எதுக்கு இருக்குன்னா, அளவுக்கு மேல பாரம் ஏறினா எண்ணெயைத் திருப்பித் தொட்டிக்கு விடறதுக்கு. "போதும், இறக்கு"ன்னு வண்டி கத்துற சத்தம் அதுதான். வாயைக் கட்டிட்டா கத்தாது. ரெண்டு மாசம் ஜோராத் தூக்குச்சு. அப்புறம் லிப்ட் மூடி வார்ப்பே விரிசல் விட்டுப் போச்சு. அவருக்கு மட்டும் நிஜமாவே அசெம்பிளி மாத்த வேண்டி வந்தது.

பெரியவர்கிட்ட இருந்து இன்னும் ரெண்டு விஷயம் எழுதி வெச்சிருக்கேன். காலையில நல்லாத் தூக்கி, மத்தியானம் எண்ணெய் சூடானதும் சோர்ந்து போனா, பம்போ வளையமோ தேய்ஞ்சிருக்கு, இளகின எண்ணெய் சந்துல நழுவுது. இஞ்சின் ஓடும்போது தூக்கின கருவி தலையாட்டுற மாடு மாதிரி மேலும் கீழும் ஆடினா, உள்ள கசிஞ்சு இறங்குறதும் வால்வு அதைத் திரும்பத் தூக்குறதும் மாறி மாறி நடக்குது. என் வண்டி ஒரு வருஷமா தலையாட்டிக்கிட்டுத்தான் இருந்தது. எனக்குப் பாஷை தெரியலை.

சென்னையில இருக்கிற எங்க மச்சினன் இதையெல்லாம் கேட்டுட்டு, "மாமா, நீங்க விவசாயம் பாப்பீங்களா, மெக்கானிக் வேலை பாப்பீங்களா? காசைக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க"ன்னான். நல்ல மனசோடதான் சொன்னான். நான் எல்லாத்தையும் நானே பிரிக்கணும்னு சொல்லலை. ஞாயித்துக்கிழமை இருபது ரூபாய் வளையம் போட்ட ஆளு நான், அந்த வீறாப்பு எனக்கு இல்லை. நான் கேக்கிறது வேற. வண்டியோட குடுக்குற புத்தகம் இங்கிலீஷ்ல இருக்கு, அதுலயும் "டீலரை அணுகவும்"னுதான் முடியுது. திருகை மூடிப் பாக்கிற சோதனையைத் தமிழ்ல நாலு வரியில எழுதிப் போட்டா கம்பெனி குடி முழுகிடுமா? பிஸ்டன் வளையத்தோட அளவையும் ரகத்தையும் எழுதக் கூடாதா? சீல் செட்டைத் தனியா விக்கக் கூடாதா? சர்வீஸ் சென்டர்ல கேட்டேன், "தனியா வராதுங்க"ன்னாங்க. டவுன்ல தெருக்கோடிக் கடையில வருது.

2022 ஜூலையில மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கு வழிமுறை வகுக்க ஒரு கமிட்டி போட்டது. அதுல முதல்ல எடுத்துக்கிட்ட நாலு துறையில விவசாயக் கருவியும் ஒண்ணு. செல்போன், வீட்டுச் சாமான், கார் மத்த மூணும். அந்த வருஷம் டிசம்பர்ல அதுக்குன்னு ஒரு இணையதளமும் திறந்தாங்க. நல்ல விஷயம், வரவேற்கறேன். ஆனா எங்க பக்கத்து டீலர் கவுன்ட்டர்ல நின்னு கேக்குற விவசாயிக்கு அது இன்னும் வந்து சேரலை. உங்க போன்ல பேட்டரியை மாத்தக் கேட்டா புது போன் வாங்கச் சொல்றாங்கன்னு நீங்க புலம்புறதும் இதுவும் ஒரே கதைதான். ஒரு வித்தியாசம் இருக்கு. போன் யார் கால் மேலயும் இறங்காது. அதனாலதான் இதை விற்பனை விஷயமா மட்டும் பாக்க எனக்கு மனசு வரலை. 46,000 ரூபாய்னு சொன்னதும் பத்து விவசாயியில எட்டுப் பேர் சீட்டை மடிச்சு வெச்சுக்கிட்டு, இறங்குற லிப்டோடவே ஓட்டுவான். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். 380 ரூபாய்னு சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேன்.

இப்ப சாலைச் சுவத்துல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு வெச்சிருக்கேன். அமாவாசைக்கு அமாவாசை வண்டியைக் கழுவிப் பூஜை போடுற அன்னைக்கு, ராத்திரி ரோட்டவேட்டரைக் கோட்டுக்குத் தூக்கி நிறுத்துவேன். காலையில போய்ப் பாப்பேன். போன அமாவாசைக்கு ரெண்டு விரக்கடை இறங்கியிருந்தது. அவ்வளவு இறங்கலாம்னு பெரியவர் சொன்னார்.

தம்பிக்குப் புதுச் செருப்பு வாங்கிக் குடுத்தேன். நசுங்கின பழசை அவன் தூக்கிப் போடலை. வண்டிக்குப் பின்னாடி கம்பியில கட்டித் தொங்க விட்டிருக்கான், திருஷ்டிக்காம். பிளேடுல நார் சுத்தினா முதல்ல கட்டையை வெக்கிறான், அப்புறம்தான் அருவாளை எடுக்கிறான். போன வாரம் அவசரத்துல நான் கட்டை வெக்காம குனிஞ்சேன். அந்தச் செருப்பைக் கையில எடுத்து என் முன்னாடி ஆட்டிக் காமிச்சான்.